பிள்ளையோடு பேசுங்கள்

வலங்கைமான், 1997

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

நான் சுகம். ஸ்கேன் எடுக்க மாமியுடன் தஞ்சாவூர் போய்வந்தேன். நம் பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமும் வீங்கிப் பெரிதாக இருக்கிறதாம்.

"சில பிள்ளைங்களுக்குத் தானா சரியாயிடும்மா. சிலதுக்குப் பொறந்ததும் ஆபரேஷன் வேணும். இப்பவே சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் மாமி என் கையை விடவேயில்லை. "அவனுக்கு எழுதாதே புள்ள, துபாயில தனியா கெடந்து தவிப்பான்" என்றார். எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

லீவு கேட்டு முதலாளி முன்னால் நிற்க வேண்டாம். நீங்கள் பேசி அனுப்பிய கேசட்டை வயிற்றருகே வைத்துப் போடுகிறேன். உங்கள் குரல் வந்ததும் பிள்ளை உதைக்கிறது. அடுத்த கேசட்டில் எனக்கென்று எதுவும் பேச வேண்டாம். முழுவதும் பிள்ளையோடே பேசுங்கள்.

இப்படிக்கு,
நாங்கள் இருவரும்