யானையா, கழுதையா

மார்ச் 4, செவ்வாய்

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். இரும்புக் கட்டடங்களை இனியும் தட்டையாகக் கோடு போட்டு வரைந்துகொண்டிருந்தால் வேலை கிடைக்காதாம். முழுக் கட்டடத்தையும் கணினிக்குள்ளேயே தூணும் உத்திரமுமாக எழுப்பிக் காட்டும் மென்பொருள் வாங்கப் போகிறார். பெரியது ஒன்று, சின்னது ஒன்று என இரண்டு வந்திருக்கின்றன. "ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுங்க. நீங்க சொல்றதையே வாங்கிடறேன்."

பெருமையாகத்தான் இருந்தது. கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டார்: "அந்தப் பெருசு வந்தா, வரைபடம் சரிபார்க்கத் தனியா ஆள் வேண்டாம்னு சொல்றாங்களே, நிஜமா?"

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

சரிபார்ப்பவர் என் வீட்டுக்காரர்.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மார்ச் 10, திங்கள்

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அலுவலகத்தில் சுவருக்கும் காது, கணினிக்கும் காது. "நல்லாப் பாரு. அவசரப்படாதே" என்றார், அவ்வளவுதான்.

பெரியதற்கு யானை என்றும் சின்னதற்குக் கழுதை என்றும் பேர் வைத்துவிட்டார்கள். ஒரே சரக்குக் கொட்டகையை இரண்டிலும் எழுப்பிப் பார்க்கிறேன். யானையில் ஓர் உத்திரத்தை நகர்த்தினால் அதைத் தொட்ட எல்லா வரைபடமும் தானாக மாறிவிடுகிறது. கழுதையில் ஒவ்வொரு தாளாகப் போய் நாம்தான் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பட்டறையில் போல்ட் துளை இடம் மாறி விழும். அதாவது, கழுதை வந்தால் அவர் வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரைந்தவர் தன் வரைபடத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது. முதலாளியே வரைந்தாலும் தாள் என் வீட்டுக்காரர் மேஜைக்குத்தான் போகும். சரியான அளவுக்கு மேல் மஞ்சள், தப்புக்குச் சிவப்பு. கல்யாணத்துக்கு முன்பு என் தாள்கள்தான் அதிகம் சிவந்து திரும்பும். "வேணும்னே தப்பு பண்றியா?" என்று ஒரு நாள் கேட்டார். பாதி உண்மைதான்.

இன்று அந்த மேஜையைத் தாண்டிப் போகும்போது தலையைத் தூக்கவில்லை. நான்தான், அவர் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

யானை நல்ல மென்பொருள். இதை எழுதவே கை வரவில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் அதுதான் ஜெயிக்கிறது.

ஏதாவது குறை கிடைக்காதா என்று தேடினேன். இரும்பும் இரும்பும் முட்டினால் காட்டுகிறது, ஆனால் போல்ட்டை இறுக்க ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை! சந்தோஷமாக வீட்டில் சொன்னேன். அவர் என் மடிக்கணினி முன்னால் வந்து உட்கார்ந்து, அதில் எங்கெங்கோ போய் ஓர் அமைப்பைத் திறந்து காட்டினார். "அதுவும் இருக்கு. நீ தேடலை."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மார்ச் 19, புதன்

செய்துவிட்டேன்.

யானையில் தூணும் உத்திரமும் சேரும் மூட்டுகளை நம் பட்டறை முறைப்படி முதலில் ஒரு தடவை அமைத்து வைக்க வேண்டும். ஒரே தடவைதான், அப்புறம் எல்லாக் கட்டடத்துக்கும் அது போதும். அந்த நேரத்தை ஒவ்வொரு கட்டடத்துக்கும் சேர்த்துக் கூட்டிவிட்டேன். இப்போது கழுதை முந்துகிறது. முதலாளிக்கு இது பிடிபடாது. அவருக்குக் கடைசி வரிதான் கண்ணில் படும்.

யாருக்கு நஷ்டம்? கழுதையிலும் கட்டடம் நிற்கத்தானே செய்கிறது?

மார்ச் 20, வியாழன்

அறிக்கையை நீட்டினேன். முதலாளி வாங்கக்கூட இல்லை. "எல்லாம் எண்ணா இருக்கே. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை போயிட்டு வரட்டும்."

வழக்கம். எங்கள் வழக்கமே எங்களுக்கு எமன்.

மார்ச் 21, வெள்ளி

அவர் அலுவலகத்தில் வைத்துக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பாட்டு மேஜையில் அறிக்கையை வைத்தார். முதல் பக்கம் முழுக்க மஞ்சள். இரண்டாவது பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு வட்டம்.

"மூட்டு அமைக்கறது ஒரு தடவைதானே? ஏன் ஒவ்வொண்ணுக்கும் கூட்டியிருக்கே?"

"உங்களுக்குத் தெரியாதா ஏன்னு?"

"தெரியும்."

"அப்போ விடுங்களேன். யாரு பார்க்கப் போறா?"

"கீழே உன் பேர் இருக்கு. நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சு உன்னை ஒரு வார்த்தை சொன்னா நான் தாங்குவேனா?"

கத்திவிட்டேன். மகள் புத்தகத்தோடு அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பா என் லீவ் லெட்டர்லயே சிவப்பு போட்டவரு. உன்னை விடுவாரா?" யாரும் சிரிக்கவில்லை. அவளும் உள்ளே போய்விட்டாள்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்னு சொல்வாங்க. எனக்கு வாய்ச்ச யானை இது. கோபம் கோபமா வருது. அழுகையும் வருது.

மார்ச் 24, திங்கள்

திருத்திக் கொடுத்தேன். முதலாளி கடைசி வரியைப் படித்துவிட்டு, "அப்போ பெருசுதான்" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் இன்று கடைசி நாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதலாளிக்குக் கண் கலங்கியது. கலங்கி என்ன, வேலை போனது போனதுதான். ஒன்றாக வந்த பேருந்தில் ஒன்றாகவே திரும்பினோம். ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

மே 22, வியாழன்

அவர் வேலை கேட்ட மூன்றாவது இடமும் இல்லை என்றுவிட்டது. அங்கேயும் யானைதானாம். "நல்ல மென்பொருள்னு நீதான் எழுதினே" என்று சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

யானையில் எழுப்பிய முதல் கட்டடத்தின் வரைபடங்கள் இன்று பட்டறைக்குப் போயின. ஒவ்வொரு தாளின் மூலையிலும் இரண்டு கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர். இரண்டாவதைக் காலியாக விட்டால் யானை தாளை வெளியே அனுப்ப மறுக்கிறது. முதலாளியைக் கேட்டேன். "உங்க பேரையே போட்டுடுங்களேன், இப்ப என்ன?"

போட்டேன். எல்லாத் தாளிலும்.

வீட்டில் அவர்தான் பரிமாறினார். இப்போதெல்லாம் அவர்தான். "கட்டடம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"யாரு சரிபார்த்தா?"

"நான்தான்."

கரண்டி அப்படியே நின்றது. "நீ வரைஞ்சதை நீயேவா?"

நான் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தேன். மீதியையும் பரிமாறிவிட்டு, "ஆறுது பாரு, சாப்பிடு" என்றார்.