பெரிய துரையின் ஈமெயில் பெட்டி

அன்புள்ள பேச்சியம்மா அக்காவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? ஆபீஸில் இப்படியெல்லாம் நடக்குமென்று உங்கள் தம்பி நான் அன்றைக்கே சொன்னேன். எங்கள் கொழும்பு ஆபீஸ் சேர்வரில் மேலதிகாரி பெரிய துரையின் ஈமெயில் பெட்டி பத்து வருடக் கடிதங்களால் நிரம்பி, புதிதாக எதையும் ஏற்காமல் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர்காரர்கள் நடுங்கிப்போனார்கள். தேத்தண்ணீர் கொண்டுபோன நான்தான் வழி சொன்னேன்.

"தேயிலைத் தோட்டத்துல எங்க அக்கா கூடை நெறஞ்சா, நிறுத்துக் கொட்டிட்டுத்தான் மறுபடி கொழுந்து எடுப்பாங்க. பழசையெல்லாம் வேற பெட்டிக்கு மாத்துங்க தம்பிகளா!"

மாற்றினார்கள், கடிதங்கள் கொட்டின. துரை என்னைக் கட்டிப்பிடித்தே விட்டார்.

நம் தோட்டத்துத் தேயிலைத் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே தனியாகக் குடிக்கிற தேத்தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை.

மணி அடிக்கிறார்கள், முடிக்கிறேன். மாரியம்மன் திருவிழாவின்போதே பெட்டி நிரம்பி, என் லீவுக் கடிதம் திரும்பி வந்துவிட்டது, அதனால்தான் ஊருக்கு வரவில்லை என்று அன்றைக்குச் சொன்னேனே, அது மட்டும் பொய் அக்கா. துரையிடம் லீவு கேட்கப் பயந்து நான் எழுதவேயில்லை. இப்போது பெட்டியில் இடமிருக்கிறது. என்னிடம்தான் சாக்கு இல்லை.

வீரய்யா