மார்லிஸ் பாடாத நாள்

மல்லாவி
09.03.1986

அன்பின் அத்தானுக்கு,

நானும் மாமியும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் கடிதத்தில் தேடித் தேடிப் பார்க்கிறேன். அகதி விண்ணப்பம் என்ன ஆனது என்று மூன்று தடவை கேட்டு எழுதிவிட்டேன். நீங்களோ இரண்டு பக்கமும் அந்த ஜேர்மன் பாட்டுக்காரி மார்லிஸைப் பற்றியே எழுதுகிறீர்கள். நீங்கள் கோப்பை கழுவுகிற ஹோட்டலில் அவள் சனிக்கிழமைகளில் பாடுவது எனக்கு எதற்கு? மாமி நேற்றுக் கேட்டா, "உவன் ஏன் பிள்ளை அவளின்ரை கதையே எழுதுறான்?"

அதையே நானும் உங்களிடம் கேட்கிறேன்.

பயத்துடன்,
அருந்ததி

டோர்ட்மண்ட்
19.04.1986

என் அருந்ததிக்கு,

விண்ணப்பத்தைத் தையிலேயே நிராகரித்துவிட்டார்கள். அதை எழுதக் கை வரவில்லை. பக்கத்தை நிரப்ப அவவின் கதையை எழுதினேன்.

மார்லிஸ் 1945 இல், போரில் ரஷ்யப் படை நெருங்க, ஏழு வயதில் தாயோடு கிழக்கிலிருந்து பனியில் நடந்து தப்பி வந்தவ. அகதி முகாமில் பசிக்கு ஒரு துண்டு பாணுக்காகப் பாடியிருக்கிறா. பத்தொன்பது வயதில் ஒரே இசைத்தட்டில் நாடு முழுவதும் பெயர். பிறகு தொண்டையில் சத்திரசிகிச்சை. குரல் இறங்கியது, அழைப்புகள் நின்றன. இப்போது சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் பாடுகிறா.

என் நிலையை அவவிடம் மட்டும் சொன்னேன். ஜூன் ஐந்தாம் திகதி மேல்முறையீட்டு விசாரணை. எனக்காகப் பேச வருவாவாம். அதே நாளில் தொலைக்காட்சியில் பாட அழைத்திருக்கிறார்கள், பதினொரு வருடத்துக்குப் பிறகு. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீரகத்தி

டோர்ட்மண்ட்
24.06.1986

அருந்ததி,

அவ வந்தா. நீதிபதி அவவை அடையாளம் கண்டு, நீங்கள் பாடகி அல்லவா என்று கேட்டார்.

"ஓம், பாடினனான். அதுக்கு முதல் அகதியா இருந்தனான். திருப்பி அனுப்பினா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும்," என்றா.

ஒரு வருடம் இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. தொலைக்காட்சியில் வேறொருத்தி பாடினாள். இனி அழைக்க மாட்டார்களாம்.

வீரகத்தி

மல்லாவி
20.07.1986

அன்பின் அத்தான்,

கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அழுதா. நானும் அழுதேன், கோபமும் வந்தது. என்னிடம் சொல்லாததை அவவிடம் சொன்னீர்களே.

ஆனால் கோபிக்க எனக்கும் உரிமை இல்லை. மாசியில் ஹெலிகொப்ரரிலிருந்து சுட்டதில் நம் வீடு எரிந்துபோனது. மாமியின் கையில் காயம், இப்போது ஆறிவிட்டது. நீங்கள் தவித்துப்போவீர்கள் என்று சுகம் என்றே எழுதினேன். தெரிந்த தபால்காரர் என்றபடியால் உங்கள் கடிதங்கள் நாங்கள் இருக்கிற இடத்துக்கே வந்து சேர்ந்தன.

மார்லிஸ் அக்காவிடம், அருந்ததி கேட்டதாகச் சொல்லுங்கள்: இனியும் பாடட்டாம்.

பழைய முகவரிக்கு எழுத வேண்டாம். பக்கத்துத் தெருப் பொன்னையா அண்ணையின் வீட்டு விறாந்தையில் இருக்கிறோம். அவர் பெயருக்கு எழுதுங்கோ, உள்ளதை உள்ளபடி.

உங்கள்
அருந்ததி