கிழக்கிலிருந்து வரும் உப்பு

அம்மன் துணை

அன்பு மகளுக்கு,

ஒரு பொருள் பெருகுவதும் பரவுவதும் ஓட்டத்தில் இழுபடுவதும் சேர்ந்தால் சில அலைகள் உருவம் மாறாமல், ஒரே வேகத்தில் நகரும் என்று உன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்தது. இங்கே கிழக்கே கடலிலிருந்து கிணறு கிணறாக உப்பு வருவதும் அப்படித்தான். போன மாதம் பக்கத்துக் கொல்லைக் கிணறு கரித்தது. அடுத்தது நம்முடையது.

“அம்மனுக்கு அபிஷேகத் தண்ணி போற கிணறுடி, இதுல இன்னா உப்பு வரும்?” என்கிறார் அப்பா. அதை நம்பி மறுபடியும் நாற்று விட்டிருக்கிறார். நமக்கு வேறு நிலமும் இல்லை.

அந்த அலையை நிறுத்த உன் கணக்கில் வழி இருந்தால் உடனே எழுது.

குடிக்கும்போது இன்னும் கரிக்கவில்லை. ஆனால் இன்று துவரம்பருப்பு மத்தியானம் வரை வேகவில்லை; உப்பு ஏறிய தண்ணீரில் பருப்பு வேகாது. விறகு ஈரம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காலையில் அம்மனுக்கும் அதே தண்ணீரைத்தான் எடுத்துப் போக வேண்டும். அவளிடம் விறகைச் சொல்ல முடியாது.

உன் அம்மா