எதிர்க்கரைக் கத்தல்

2011 ஆகஸ்ட் 17

வைக்கோல் வேலை முடிந்தது. வேலைக்கு வந்தவர்கள் பீப்பாயையும் காலி செய்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். கொதிக்கக் கொதிக்க ஜூனிப்பர் இலைத் தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்து வைத்தேன். என் கையால் காய்ச்சிய பீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தீர்ந்தால் எனக்கு வயிறு நிறைந்த மாதிரி.

சாயங்காலம் யொருன் பேசினாள். கல்யாணம் அக்டோபர் எட்டு, இங்கேயே, நம் களஞ்சியத்தில். ஆஸ்லோவில் மண்டபம் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். என் பெண் மாட்டேன் என்றாளாம். "அம்மா, பீர் நீதான் காய்ச்சணும். நம்ம வீட்டு பீர் இல்லன்னா எனக்குக் கல்யாணம் ஆன மாதிரியே இருக்காது."

போனை வைத்துவிட்டு நேரே தொழுவத்துக்குப் போய் மாடுகளிடம் சொன்னேன். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

ஆகஸ்ட் 20

ஐயோ.

ஆகஸ்ட் 21

நேற்று கை ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஜாடியில் எடுத்து வைத்திருந்த ஈஸ்ட்டைத் தாளில் பரப்பி ஓவனுக்குள் வைத்திருந்தேன். ஓவன் அணைந்துதான் இருந்தது, உள்விளக்கு மட்டும் எரிந்தது. அந்தச் சூடே போதும், காய்ந்து ஓடு ஓடாக உரிந்து வரும். வருஷா வருஷம் இப்படித்தான் காயவைக்கிறேன். ஆனால் நேற்று சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் தொர்லைவுக்கு பீட்சா. ஃபிரீசரிலிருந்து எடுத்து ஓவனில் தள்ளுவதுதான் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரே சமையல். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் சூட்டைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். நான் வரும்போது வீடு முழுக்கத் தீய்ந்த வாடை.

"பீட்சாவை இன்னும் வைக்கவே இல்லையே, அதுக்குள்ள என்ன வாடை?" என்கிறார் மனுஷன்.

என்னத்தைச் சொல்ல? அம்மா காலத்திலிருந்து வந்த ஈஸ்ட். பழைய ஓடுகளைப் புதுசு வரப்போகிற தைரியத்தில் ஜூலையில் வைக்கோல் பீருக்கே போட்டுத் தீர்த்துவிட்டேன். பீப்பாயை அலசியதும் நானேதான். மிச்சம் எங்கே இருக்கும்?

எங்கே இருக்கிறது என்று தெரியும். எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 24

யொருனிடம் சொன்னேன். கடையில் பாக்கெட் விற்கிறதே, அதைப் போடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். எனக்குத் தெரியுமே. உனக்கும் தெரியுமேடி.

சரி என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். ஒரு வாளி மட்டும் காய்ச்சிப் பார்க்கலாம்.

செப்டம்பர் 2

வாளி பீரைக் குடித்துப் பார்த்தோம். தவறு ஒன்றும் இல்லை. ருசியும் ஒன்றும் இல்லை. எங்கள் பீரில் ஆரஞ்சுத் தோல் வாசனை மூக்கில் ஏறும். இதில் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கே இருக்கிறது? தொர்லைவ் மட்டும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று இரண்டு டம்ளர் குடித்தார். கருக்கியவர் வேறு என்ன சொல்வார்.

செப்டம்பர் 3

எழுதிவிடுகிறேன். ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஆஸ்முண்டிடம் எங்கள் ஈஸ்ட் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் அவருடையது கெட்டுப்போனபோது நான்தான் ஒரு கோப்பையில் கொடுத்தேன். யார் வீட்டில் கெட்டாலும் பக்கத்து வீட்டில் போய் நிற்பதுதானே இங்கே வழக்கம், தயிருக்கு உறை வாங்குகிற மாதிரி. ஆனால் நாலு வருஷமாக அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

காரணம் ஒரே ஒரு சொல். கிறிஸ்துமஸ் பீர் பொங்கி அடங்கியதும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வோம். மரக் கிண்ணம் கை மாறி வரும். குடித்தவர்கள், போன வருஷத்தை விட நன்றாக இருக்கிறது என்பார்கள். பொய்யோ நிஜமோ, அப்படித்தான் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. ஆஸ்முண்ட் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். "குடிக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். ஊரே உட்கார்ந்திருக்க, என் வீட்டில், என் பீரை. நான் கொடுத்த ஈஸ்ட்டில் காய்ச்சிக் குடிக்கிற மனுஷன்! அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடவில்லை. அவரும் என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது எந்த முகத்தோடு போவது?

செப்டம்பர் 6

இன்னொரு கவலை. ஈஸ்ட் போடும்போது காய்ச்சுகிறவர் கத்த வேண்டும், அடிவயிற்றிலிருந்து. கத்தல் எவ்வளவு பெரிதோ பீருக்கு அவ்வளவு வீரியம். தண்ணீருக்கு மேலே சத்தம் தூரமாகப் போகும். நாலு வருஷமாக ஆஸ்முண்டின் பேச்சைக் கேட்கவில்லையே தவிர, அவர் கத்தலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டதும் ஜன்னலுக்குப் போவேன். எதிர்க்கரையில் புகை தெரியும். இன்றைக்கு ஆஸ்முண்ட் வீட்டில் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

இந்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு கத்தலே இல்லை. காய்ச்சுவதையே விட்டுவிட்டாரா? அப்படியானால் ஈஸ்ட்? தொர்லைவிடம் சொன்னேன். "பேச்சு இல்லேன்னியே, கணக்கு மட்டும் வச்சிருக்கியா" என்று சிரிக்கிறார்.

செப்டம்பர் 10

தானே போய்க் கேட்கிறேன் என்றார் தொர்லைவ். வேண்டாம் என்றேன். கருக்கியது அவர்தான், ஆனால் பீர் என்னுடையது. கேட்க வேண்டியவள் நான்.

செப்டம்பர் 13

போய்விட்டு வந்தேன்.

படகில் போனேன். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று துடுப்பை நிறுத்தினேன். காற்று அந்தப் பக்கமே தள்ளியது, சரி என்று விட்டுவிட்டேன்.

கரையிலேயே நின்றுகொண்டிருந்தார், நாயோடு. இளைத்திருந்தார். மே மாதம் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து தோள்பட்டை உடைந்ததாம், இன்னும் வாளி தூக்க முடியவில்லையாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆஸ்முண்ட் பேச்சை எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று விட்டுவிட்டார்கள் போல.

காப்பி போட்டுக் கொடுத்தார். நான் பீட்சா கதையைச் சொன்னேன். சிரித்தார், தோளைப் பிடித்துக்கொண்டு வலிக்க வலிக்கச் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பிறகு எழுந்து போய் ஃபிரீசரிலிருந்து ஒரு பை எடுத்து வந்தார். ஓடு ஓடாக, அதே பழுப்பு. மோந்து பார்த்தேன். எங்கள் வீடு.

நான் கேட்கவே இல்லை. கேட்க விடவில்லை அவர்.

"ஏம்மா மாக்னில்ட், ஜூலைல நீ கத்தினது சரியில்லையே. பூனை வாலை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. உடம்புக்கு முடியலையா?"

சளி பிடித்திருந்தது, நிஜம்தான். இந்த மனுஷனும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த வேகத்தில் கேட்டுவிட்டேன்: "ஏன்ணே அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"குடிக்கலாம்னு."

யோசித்தார். மறந்தே போயிருக்கிறது! நாலு வருஷம் நான் சுமந்த சொல் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை.

"குடிக்கலாம்னுதானே சொன்னேன்," என்றார். "குடிச்சேனே."

கோபம் வந்து பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் கூடவே வந்து ஒற்றைக் கையால் படகைத் தள்ளிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கரை சேர்ந்தபோது பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 24

இன்று காய்ச்சினோம். விடியலிலேயே அடுப்பு மூட்டி, செம்பு அண்டாவில் ஜூனிப்பர் தண்ணீர். தொர்லைவ் சொன்ன வேலையை எல்லாம் செய்தார், விறகு, வாளி, முளைகட்டிய பார்லி மால்ட் மூட்டை. முகத்தில் பீட்சா பாவம் இன்னும் போகவில்லை. மால்ட்டை ஊறவைத்து, ஜூனிப்பர் கிளைகள் மேல் வடிகட்டி, இனிப்புத் தண்ணீர் முழங்கையில் பட்டால் கறந்த பால் சூட்டுக்கு ஆறியபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

ஓடுகளைத் தூவினேன். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினேன். பூனை என்று சொன்னாரே — மாடுகள் மிரண்டு எழுந்து நின்றன.

ஏரி அமைதியானது. பிறகு எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து.

"அவர் எதுக்குக் கத்துறார்? அங்க அடுப்பே எரியலையே," என்றார் தொர்லைவ். கண்ணில் நிறைந்த தண்ணீருக்குப் புகையைக் காரணம் காட்டினேன்.

செப்டம்பர் 25

பொங்குகிறது. காதை வைத்துக் கேட்டால் மழை பெய்கிற சத்தம். ஆரஞ்சுத் தோல் வாசனை வந்துவிட்டது.

அக்டோபர் 1

பொங்கிய நுரையிலிருந்து வழித்த ஈஸ்ட்டை நேற்று ஓவனில் காயப் போட்டேன். ஓவன் குமிழில் தொர்லைவே சிவப்பு டேப் சுற்றிவிட்டார். சனிக்கிழமை ராத்திரி, ரொட்டியும் பழுப்புச் சீஸும் சாப்பிட்டார். பீட்சா என்ற பேச்சே இல்லை.

அக்டோபர் 9

என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. களஞ்சியத்தில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளையின் அம்மா முதலில் கிண்ணத்தின் விளிம்பை நாசூக்காகத் துடைத்துவிட்டுக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் துடைப்பதை மறந்துவிட்டார். யொருன் ஒரு வாய் குடித்ததும் என்னைப் பார்த்தாள். வந்து கட்டிக்கொண்டாள். போதும் எனக்கு.

ஆஸ்முண்டையும் அழைத்திருந்தேன். கிண்ணம் அவரிடம் போனபோது நான் கேக் வெட்டுகிற மாதிரி நின்று ஓரக்கண்ணால் பார்த்தேன். குடித்தார். மீசையைத் துடைத்தார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஊருக்கே அந்தக் கதை தெரியுமே. அவர் எதுவும் சொல்லவில்லை. நிரப்பச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார். அதையும் குடித்துவிட்டு இன்னொரு தடவை நீட்டினார்.

சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அக்டோபர் 16

புது ஓடுகளில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனேன். இனி இரண்டு வீட்டு ஃபிரீசரிலும் புதுசு இருக்கட்டும். தோள் தேறி வருகிறதாம். தொர்லைவ் விறகு பிளந்து கொடுத்துவிட்டு வந்தார்.

டிசம்பர் 10

மத்தியானம் எதிர்க்கரையில் கத்தல்! மாவு பிசைந்த கையோடு ஜன்னலைத் திறந்து நானும் கத்தினேன். ரொட்டி வேகும் ஓவனைத் தவிர இங்கே அடுப்பு எதுவும் எரியவில்லை.

டிசம்பர் 14

ஆஸ்முண்ட் வீட்டில் ருசி பார்க்கக் கூப்பிட்டிருந்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசற்படி. உள்ளே பாதி ஊர்.

கிண்ணம் என்னிடம் வந்தது. அதே ஆரஞ்சுத் தோல், அடியில் லேசாகப் புகை. என்னுடையதை விட நன்றாக இருக்கிறது, இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவசரப்படவில்லை. இல்லாத மீசையைத் துடைத்துக்கொண்டேன்.

"குடிக்கலாம்," என்றேன்.

தொர்லைவுக்குப் புரையேறியது. ஆஸ்முண்ட் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, விளிம்பு வரை நிரப்பி, மறுபடி என்னிடமே நீட்டினார்.

குடித்தேன்.