பத்து மணிச் சங்கு

அனுப்புநர்
ஜோவிலின் காபாஹுக்,
ஒன்பதாம் வகுப்பு, வயது 14,
கடற்கரைத் தெரு, புந்தா மலாபி,
லெய்த்தே தீவு, பிலிப்பைன்ஸ்.

பெறுநர்
திருமதி ஃபெலிசிதாத் அபூயன் அவர்கள்,
ஊர்த் தலைவர்,
புந்தா மலாபி.

பொருள்: வரும் சனிக்கிழமை, சான் மிகேல் திருவிழா இரவில், சிறார்களுக்கான இரவுக் கட்டுப்பாட்டை மீறவிருக்கும் ஒரு சிறுமியின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பொருளில் சொன்ன சிறுமி நான்தான். மனுவின் எழுத்து சரியாக இல்லாததற்கு மன்னிக்கவும். கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமா தூங்குகிறார். குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் நிறுத்தவேண்டியிருக்கிறது.

1. என் அம்மா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறார். அவர் போனதிலிருந்து நான் அவருடைய தம்பி நெமெசியோ மாமாவின் பொறுப்பில் இருக்கிறேன். கூடைப்பந்துத் திடலை ஒட்டிய கொட்டகையில் மாமாவின் பில்லியர்ட்ஸ் மேசை இருப்பது தங்களுக்குத் தெரியும். கொட்டகையைப் பெருக்கப் போய் அங்கேயே ஆடவும் கற்றுக்கொண்டேன்.

2. சுற்று ஊர்ப் போட்டிகளில் மாமா என் பெயரைக் கொடுப்பார். எதிரில் ஆடுகிறவர்கள் எல்லோரும் நான் பிறப்பதற்கு முன்பே கோல் பிடித்தவர்கள். அதனால் எனக்குச் சலுகை கொடுத்தார்கள். ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுகிறவருக்கு ஆட்டம் என்பது விதி. எனக்கு மட்டும் ஏழு, எட்டு, ஒன்பது, எதைப் போட்டாலும் ஆட்டம். அப்படியிருந்தும் முதல் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். "பாப்பா, மேசைக் காலைக் கொஞ்சம் அறுத்துத் தரட்டுமா?" என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே எனக்குச் சர்க்கரை போட்டு வறுத்த வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அந்த நாளைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

3. ஜெயிக்க ஜெயிக்கச் சலுகையைக் குறைத்தார்கள். முதலில் ஏழாம் பந்து போயிற்று, பிறகு எட்டாம் பந்தும் போயிற்று. "சலுகை போச்சுன்னா மரியாதை வந்துருச்சுன்னு அர்த்தம்டி" என்று மாமா சொன்னார். சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் எனக்குச் சலுகையே கிடையாது. எதிரில் ஆடப்போகிற எலிசார் செபு நகரத்துக்காரர், இதையே தொழிலாகச் செய்கிறவர். பயிற்சிக்காக அவரோடு ஐந்து ஆட்டம் ஆடினேன், ஐந்திலும் தோற்றேன். ஓர் ஆட்டத்தில் வெள்ளைப் பந்தைத் தொட எனக்கு ஒரு வாய்ப்புக்கூட வரவில்லை. "பயப்படாத, சீக்கிரம் முடிச்சி விட்டுர்றேன்" என்றார். அதை அன்பாகத்தான் சொன்னார்.

4. எலிசாரை அழைத்து வந்தவர் பாஸ் தோரியோ. அவருக்குச் செபுவில் பில்லியர்ட்ஸ் கூடங்கள் இருக்கின்றன. போன வாரம் கொட்டகையில் அவரும் மாமாவும் பேசியதை, நான் ஐஸ் கொண்டுபோனபோது கேட்டபடி எழுதுகிறேன்.

பாஸ் சொன்னது: "பொண்ணு ஜெயிச்சா சைடுகார் வச்ச வண்டி உனக்கு. தோத்தா எங்கூட அனுப்பிடு. ஒரே வருஷம். என் கூடத்துல ஆடட்டும், ஆளாக்கித் தர்றேன்."

மாமா சொன்னது: "ஜெயிச்சா வண்டி, தோத்தா வீட்டுல ஒரு தட்டுச் சோறு மிச்சம். எப்படிப் பாத்தாலும் எனக்கு நஷ்டமில்ல பாஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகுதான் மாமா என்னைப் பார்த்தார். "ஐஸ் உருகுது பாரு, வச்சிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

5. போன வருடம் இப்படித் தோற்றுப்போய் பாஸுடன் சென்ற மேரிகார் என்ற பெண்ணும் இப்போது அவரோடு வந்திருக்கிறாள். பக்கத்து ஊர்தான், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளிடம் எந்த கிளாஸ் படிக்கிறாய் என்று கேட்டேன். "கிளாஸா? இப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரே கிளாஸ் பீர் கிளாஸ்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். பாஸ் அவள் பெயரைச் சொன்னதும் சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாள்.

6. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. இன்றும் அழைத்தார். அவர் பேசும்போது மாமா எப்போதும் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "சாப்டியா கண்ணு? ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்று அம்மா கேட்டார். "சளிதான்க்கா. சொன்னா கேக்காம ஐஸ் தண்ணியக் குடிக்கிறா" என்று மாமா பதில் சொன்னார். நானும் சளிதான் என்று சொன்னேன். கைபேசியில் பேசுவதற்கான பணத்தை மாமாதான் போடுகிறார், யாரை அழைத்தேன் என்றும் பார்ப்பார்.

7. ஆடவே முடியாதபடி மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அதே கையால்தான் அடுத்த வாரம் கணக்குத் தேர்வு எழுதவேண்டும். அதனால் விட்டுவிட்டேன்.

8. போன திருவிழாவில் இறுதி ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போனது தங்களுக்கு நினைவிருக்கும். வெளியிலிருந்து வரும் தடையால் ஆட்டம் நின்றால் யாருக்கும் வெற்றி தோல்வி கிடையாது, பந்தயம் கட்டியது அவரவருக்கே திரும்பிவிடும் என்பது இங்குள்ள வழக்கம். அன்று யாரும் சண்டை போடவில்லை. ஆறிப்போன நூடுல்ஸைத் தின்றுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். வெளியூர் ஆட்கள் காலைப் படகில் ஏறிவிட்டார்கள். பாஸும் திருவிழாவுக்கு மறுநாள் ஞாயிறு காலைப் படகுக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார்.

9. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இரவு பத்து மணிச் சங்கு ஊதிய பிறகு வெளியே இருந்தால் ஊர்க்காவலர்கள் பிடித்து அலுவலகத்தில் உட்காரவைக்க வேண்டும், பெற்றவருக்கு நேரடியாகத் தகவல் சொல்ல வேண்டும் என்று தாங்கள் கையெழுத்திட்ட பலகை திடலில் இருக்கிறது. திருவிழா இரவுகளில் மட்டும் சங்கு ஊதுவதில்லை. இறுதி ஆட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கும். ஒன்பது ஆட்டங்களை முதலில் ஜெயிப்பவருக்கு வெற்றி. எலிசார் எவ்வளவு வேகமாக ஆடினாலும் பத்து மணிக்குள் முடியாது என்று நினைக்கிறேன்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கை ஊதச் சொல்லுங்கள். ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்காமல் காவலர்கள் உடனே கொட்டகைக்கு வந்து என்னைப் பிடிக்கட்டும். அவர்கள் என்னைத் தெரிந்தவர்கள், "வீட்டுக்குப் போம்மா" என்று சொல்லி விட்டுவிடக்கூடும். வீட்டுக்கு அனுப்பவேண்டாம். "ஒரே ஆட்டம்ணே, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்று நான் கெஞ்சுவேன். மாமா பார்த்துக்கொண்டிருப்பார், அதனால் கெஞ்சித்தான் ஆகவேண்டும். அதை நம்பவேண்டாம்.

பெற்றவர் என்ற இடத்தில் மாமாவின் பெயரை எழுதாமல் என் அம்மாவின் பெயரை எழுதுங்கள். அவருடைய எண்ணை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வேலை முடிந்து இரவில் பேசுவார். ஊர்த் தலைவர் அழைத்துச் சொன்னால் அதை யாரும் சளி என்று சொல்லமுடியாது.

நாளை பள்ளிக் கொடியேற்றத்துக்குத் தாங்கள் வரும்போது நிகழ்ச்சி நிரலைக் கொடுப்பது நான்தான். அதன் மடிப்புக்குள் இந்த மனு இருக்கும். அங்கேயே பிரித்துப் படிக்க வேண்டாம். அலுவலக எழுத்தரிடமும் காட்ட வேண்டாம், அவர் மாமாவின் மகனுக்கு ஞானத்தகப்பன்.

பிடிபட்ட சிறார்கள் திடலைப் பெருக்க வேண்டும் என்று பலகையில் இருக்கிறது. எத்தனை நாள் சொன்னாலும் பெருக்குகிறேன். திருவிழா என்பதால் மற்ற பிள்ளைகளுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது தங்கள் விருப்பம். எனக்கு மட்டும் தளர்த்த வேண்டாம்.

இடம்: புந்தா மலாபி
நாள்: 23 செப்டம்பர் 2018, ஞாயிறு இரவு

தங்கள் ஊர்ப் பிள்ளை,
ஜோவிலின் காபாஹுக்