தோங்கின் தாய் வந்திருக்கிறாள்

ஜொகூர் பாரு,
1929 ஜூலை 9, செவ்வாய்.

என் நேசமுள்ள அத்தானுக்கு,

நானும் சாமுவேலும் சுகமாயிருக்கிறோம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதை வாசிக்கையில் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வரும். பிள்ளைக்கு மேலே இரண்டு பல் வெளியே வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை.

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதப் பிந்திவிட்டேன். வேலை என்று சாட்டுச் சொல்லலாம். உண்மையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இன்றைக்கு எழுதாமல் விட வழியில்லை. இது தபாலில் வருகிற கடிதம் அல்ல. தோங் நாளைக் காலை ரயிலில் சிங்கோராவுக்குப் புறப்படுகிறான், அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஆகவே நீங்கள் இதை வாசிக்கும் வேளையில் அவன் உங்கள் மருந்துச்சாலை வாசலில் நிற்பான். பக்கத்தில் அவன் தாய் நிற்பாள். அவர்களோடு ஒரு வார்த்தை பேசுமுன் இதை முடிவுவரை வாசியுங்கள். பாதியில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழும்பி நடக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு. இன்றைக்கு மட்டும் வேண்டாம்.

அவனை இங்கே அனுப்பும்போது நீங்கள் எழுதியது எதையும் நான் மறக்கவில்லை. ஞானஸ்நானம் முடியும்வரை வெளியாருக்குக் காட்டவேண்டாம், அவன் வீட்டார் அறிந்தால் மழைக்காலம் தொடங்குமுன் பிடித்துக்கொண்டுபோய்த் தலையை மழித்து மஞ்சள் ஆடை உடுத்திப் புத்த மடத்தில் இருத்திவிடுவார்கள், யார் தேடி வந்தாலும் தெரியாது என்று சொல், என்று எழுதினீர்கள். சர்க்கார் வேலையை விட்டுவிட்டு அந்தச் சயாம் தேசத்துக்குப் போய் இரண்டு வருஷம் பாடுபட்டபின் கிடைத்த முதல் ஆத்துமா அவன். அவனைக் காப்பாற்ற நீங்கள் நினைத்ததில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

தோங்கும் நல்ல பிள்ளை. வந்த நாள் தொட்டு விறகு கொத்துவான், தண்ணீர் அள்ளுவான், என்னை மலாயில் அக்கா என்பான். சயாம் எழுத்தில் இருக்கிற யோவான் சுவிசேஷத்தைச் சாமுவேலின் ஏணையை ஆட்டிக்கொண்டே சத்தமாக வாசிப்பான். பிள்ளை அதைக் கேட்டபடி நித்திரையாகிவிடும். நாள்தோறும் போதகர் ஐயா வீட்டுக்குப் போய் வேதபாடம் கேட்டுவருவான். அவன் விசுவாசம் உண்மையானது, அத்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் எழுதப்போவது அதைப் பற்றியதும் அல்ல.

வந்த அன்று அவன் தலைமயிர் காதை மூடி வளர்ந்திருந்தது. ரயிலில் பேனும் பிடித்திருந்தது. கைக்குழந்தை இருக்கிற வீடு. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நிற்கப்போகிறவன் துப்புரவாக இருக்கட்டும் என்றும் எண்ணினேன். பின்வளவில் ஒரு கட்டையில் இருத்தி நானே கத்தரித்தேன். கூட்டி அள்ளி அடுப்பில் போட்டேன். குசினி முழுக்க நாறியது. இப்போது யோசித்தால், கத்தரிக்கோலைக் கண்டதும் ஒரு கணம் தலையை இழுத்துக்கொண்டான். கூச்சம் என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை ரயில்வேயில் மூட்டை தூக்குகிற வேலு ஒரு மனுஷியை வாசலில் கொண்டுவந்து விட்டான். “டேசன்ல நின்னு, சாமி வேலை பாக்குற தம்பித் தொரை வூடு எதுன்னு போறவங்க வர்றவங்க எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சும்மா. நம்ம வூடுதானேன்னு கூட்டியாந்தேன்” என்றான். உங்களுக்குச் சமைக்கிறவன்தான் அவளுக்கு ஜொகூர் என்று சொல்லியிருக்கிறான். அவனைத் திட்டவேண்டாம். இரண்டு நாள் அவன் அடுப்படியை விட்டு அவள் அசையவில்லையாம்.

சின்ன உருவம். ஆண்பிள்ளைபோல் ஒட்ட வெட்டிய தலை, வெற்றிலையால் சிவந்த வாய், கையில் ஒரு துணிமூட்டை. பெயர் இம். எல்லைப் பக்கத்து ஊர் என்பதால் மலாய் நன்றாகப் பேசுகிறாள். “அனாக் சாயா” என்றாள். என் பிள்ளை என்று இரண்டே சொல். நான் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வளவில் தோங்கின் இடுப்புச் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. அதன் கரையைத் தைத்தது அவள் கை. அதன்பிறகு நான் எந்தப் பொய்யைச் சொல்வது? போதகர் வீட்டுக்குப் போயிருக்கிறான், பின்னேரம் வருவான் என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். ஏணையிலிருந்து சாமுவேலைத் தூக்கினாள். சுவரில் முதுகைச் சாய்த்து நிலத்தில் அமர்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். “உன் பிள்ளை என்னிடம். என் பிள்ளை உன்னிடம். எனக்கு அவசரம் இல்லை” என்றாள்.

அத்தான், அந்த நேரம் எனக்கு இருந்த நிலையை எழுதிக் காட்ட முடியாது. இரண்டு தரம் கேட்டேன், தா என்று. அவள் அணைத்த கையைத் தளர்த்தவும் இல்லை, இறுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “என்னாங்க டீச்சரம்மா, புள்ளயச் சயாம்காரி மடியில குடுத்துட்டு மரமாட்டம் நிக்கிறீங்க? மாத்தா மாத்தாவக் கூப்பிடவா? இல்ல எங்க வூட்டு ஆளக் கூப்பிடவா, தடியோட வருவாரு” என்றாள். இங்கே பொலிசுக்கு மாத்தா மாத்தா என்றுதான் பெயர். கூப்பிடு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பொலிஸ்காரர் வந்து இவள் ஏன் உன் பிள்ளையை வைத்திருக்கிறாள் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவள் பிள்ளையை நான் வைத்திருக்கிறேன் என்றா? வேண்டாம் என்றேன். “படிச்சவங்க பாடே ஒரு தினுசு” என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணம்மா போனாள். ஆனாலும் வேலியை விட்டு அதிக தூரம் போகவில்லை.

சாமுவேல் பாலுக்கு அழுதான். அவள் உடனே நீட்டினாள். நான் வாங்கி, கதிரையில் இருந்து, பால் கொடுத்தேன். வாசல் திறந்துதான் கிடந்தது. எழும்பி ஓடியிருக்கலாம். பிள்ளை குடித்து முடித்ததும் அவள் இரண்டு கையையும் நீட்டினாள். நான் திருப்பிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று போதகர் ஐயாவும் கேட்டார், உங்களுக்கும் கேட்கத் தோன்றும். அவளுக்குப் பயந்து கொடுக்கவில்லை. அவள் கேட்டது நியாயமாகப் பட்டது, அவ்வளவுதான்.

பகல் முழுவதும் அப்படியே போயிற்று. இடையிடையே அவளே பேசினாள். மூத்தவன் கொலராவில் போய்விட்டான். இருபது வயது நிரம்பி மஞ்சள் ஆடை உடுத்துமுன் போய்விட்டான். மகன் ஒரு மழைக்காலமாவது மடத்தில் இருந்தால்தான் அந்தப் புண்ணியம் தாய்க்குச் சேருமாம். மகனுடைய ஆடையின் கரையைப் பிடித்துக்கொண்டுதான் தாய் நல்ல இடத்துக்குப் போகமுடியுமாம். பெண்பிள்ளைக்குத் தானாகத் துறவு கிடையாது, வேறு வழியும் இல்லை என்றாள். வருகிற பௌர்ணமியோடு மழைக்காலம் தொடங்குகிறது. மூட்டையை அவிழ்த்து மஞ்சள் துணியைக் காட்டினாள். காட்டிவிட்டு, நான் தொட்டுவிடுவேனோ என்று சட்டென்று மூடிக்கொண்டாள்.

பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். என்ன அர்த்தம் என்று கேட்டாள். அன்னாள் என்கிற தாய் தவமிருந்து பெற்ற மகனைப் பால் மறந்ததும் தேவாலயத்தில் கொண்டுபோய் விட்டாள், அந்தப் பிள்ளையின் பெயர் என்றேன். “அப்படியானால் உனக்குத் தெரியும்” என்றாள்.

பின்னேரம் போதகர் ஐயாவும் தோங்கும் வந்தார்கள். தாயைக் கண்டதும் தோங் வாசலிலேயே முழங்காலில் விழுந்து கும்பிட்டான். அவள் பார்வை அவன் முகத்தில் நிற்கவில்லை, தலையில் நின்றது. யார் வெட்டியது என்று மலாயில் கேட்டாள், எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று. நான் என்றேன். மயிரைத் தாமரை இலையில் ஏந்தினாயா என்றாள். அடுப்பில் போட்டேன் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகுதான் தோங் எனக்கு விளக்கிச் சொன்னான். ஆடை உடுத்தப் போகிற பிள்ளையின் முதல் கற்றையைத் தாய்தான் வெட்டவேண்டும். அதற்கென்று ஒரு வருஷமாக வளர்த்து வைத்திருந்த மயிர் அது. அவள்தான் வளர்க்கச் சொன்னாளாம். பேனுக்குப் பயந்து, தொட்டிலைப் பார்த்து, நான் செய்த காரியம் இப்படி ஆயிற்று.

போதகர் ஐயா இடையில் புகுந்து, “பிள்ளை, இது நல்லதுக்குத்தான் நடந்திருக்கு. கர்த்தர் உன்ரை கையாலை அந்தக் கட்டை அறுத்துப்போட்டார் எண்டு நினை. இந்த மனுசியின்ரை கதையைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆருக்கு ஞானஸ்நானம் குடுக்கிறது?” என்றார். அவருடைய தமிழ் விளங்காவிட்டாலும் குரல் அவளுக்கு விளங்கியது. இந்தக் கிழவனுக்குத் தாய் இல்லையா என்று மலாயில் என்னைக் கேட்டாள். நான் அதை அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு அவள் எழுந்து வந்து சாமுவேலை என் கையில் வைத்தாள். தானாகவே வைத்தாள். “முதல் கற்றையை வெட்டியவள் நீ. புண்ணியம் உனக்குப் போய்விட்டது. அப்படியானால் அவனுக்கு நீதான் இப்போது தாய். தாய் சொன்னால் கேட்பான். சொல், அவன் போகவா, இருக்கவா?” என்றாள்.

அவள் கோபத்தில் பேசியதாகத் தெரியவில்லை. பரிகாசமும் இல்லை. அவளுக்கு அது கணக்குச் சரியான காரியம். மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோங்கைவிட நான் நாலு வயதுதான் மூத்தவள்.

அப்போது எனக்கு உங்கள் பாட்டனாரின் நினைவு வந்தது. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானம் பெற்ற கதையை மாமா நம்முடைய கலியாணத்தன்று சொன்னார். தாய் தினமும் மதிலுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். துரைமார் அவரை உள்ளறையில் பாட்டுப் பாட வைத்தார்களாம், சத்தம் கேட்காமலிருக்க. அவள் சாகும்வரை மகன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நாம் கிறிஸ்தவர்களாயிருப்பது அவரால்தான், அதற்கு நான் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் அந்த மதிலுக்கு வெளியே நின்றவளுக்கு யாரும் ஒரு பதிலும் சொல்லவில்லை என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

நான் தோங்கைப் பார்த்து, தாயோடு போ என்றேன்.

போதகர் ஐயா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார். உங்களுக்கும் மிஷன் துரைக்கும் எழுதுவாராம். எழுதட்டும். அவர் எழுதுவது உண்மையாகத்தான் இருக்கும். யாரும் அவனைப் பிடித்துக்கொண்டு போகவில்லை, உங்கள் மனைவிதான் போகச் சொன்னாள். உங்கள் வேலைக்கு இதனால் இடைஞ்சல் வந்தால் அது என்னால் வந்தது. வேறு யாரையும் நோகவேண்டாம்.

தோங் அழுதான். வெகுநேரம் கழித்து என்னிடம் வந்து, “அக்கா, மடத்துப் பெரியவரிடம் நான் யாரை நம்புகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். மறைக்கமாட்டேன். அவர் சேர்த்துக்கொண்டால் அம்மாவுக்காக ஒரு மழைக்காலம் இருப்பேன். மழை முடிந்து ஆடையைக் களைந்துவிட்டு வந்தால் துவான் என்னைச் சேர்ப்பாரா?” என்று கேட்டான். உங்களைத்தான் துவான் என்கிறான். தெரியாது என்றேன். இம்முறை அது பொய் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் அவன் இப்போது உங்களிடம் கொண்டுவருகிறான்.

இரண்டு எசமானுக்கு ஊழியம் செய்ய ஒருவனாலும் கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த வசனம் எனக்கும் தெரியும், கல்லூரியில் அதற்குப் பரிசும் வாங்கினேன். இதில் எது பாவம், எது அன்பு என்று என் படிப்பு எனக்குச் சொல்லித்தரவில்லை. நேற்று முழுவதும் என் பிள்ளை இன்னொருத்தி மடியில் இருந்தது. அதிலிருந்து தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். இன்றைக்கு அவனை நிறுத்திக்கொண்டு தாயை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பினால் அவன் உங்கள் பேச்சுக்கு அடங்கி உங்களோடேயே நின்றாலும் நிற்பான். அப்படிப்பட்டவன். ஆனால் ஆயுள் முழுக்க ஒருத்தி உங்கள் மதிலுக்கு வெளியே நிற்பாள்.

சாமுவேலைக் கர்த்தருக்கென்று நேர்ந்திருக்கிறீர்கள், ஏழு வயதில் மிஷன் விடுதிக்கு அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் நான் இன்னும் பதில் எழுதவில்லை. அதை நீங்கள் வரும்போது பேசலாம். வாருங்கள். போன வருஷம் நீங்கள் வந்துபோனபின் பிறந்த பிள்ளைக்கு உங்கள் முகம் தெரியாது. படத்தைக் காட்டினால் சிரிக்கிறான், ஆனால் எந்தப் படத்தைக் காட்டினாலும் சிரிக்கிறான்.

அத்தான், இப்போது கடிதத்தை மடியுங்கள். அவர்கள் இரண்டு பகலும் ஓர் இரவும் ரயிலில் குந்தியிருந்து வந்திருப்பார்கள். அந்த மனுஷியை முதலில் உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்லுங்கள். நிலத்தில்தான் இருப்பாள், கதிரை கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். நீங்களும் நிலத்தில் இருங்கள். குடிக்க ஏதாவது கொடுங்கள். அவள் குடிக்கும்வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகு உங்கள் மனச்சாட்சி சொல்வதைச் சொல்லுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

தாயின் கையில் பிள்ளைகளைத் தந்தவர் உங்கள் நாவையும் கையையும் இந்த நாளில் தம்முடையதாகக் காத்துக்கொள்வாராக.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தவமணி.